சங்குவின் இடது காது

எனக்கு நேர் முன்னால் தெரிவது சங்குவின் தலை. அதற்கு இடப்பக்கம் ஷர்மதாவின் தலை. இரண்டு தலைக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் எனக்குப் படம் தெரிகிறது, அதுவும் அவர்கள் ஒருத்தி பக்கம் ஒருத்தி சாயாத வரைக்கும்தான், சாய்ந்தால் ஜார்ஜியா மறைந்துவிடும், இது ஜார்ஜியா நாட்டுப் படம், இதோ இப்போது மறைந்துவிட்டது. தியேட்டர் முழுக்கச் சிரிக்கிறது. என்னத்துக்கு என்று தெரியாமல் நானும் ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன், ரிப்பன் வெட்ட வந்த கவுன்சிலர் சிரிப்பு, என் கையிருப்பில் இருக்கும் சிரிப்புகளில் ஒன்று, பக்கத்து சீட் பெரியவர் திரும்பிப் பார்த்தார். சென்னையில் காலைக் காட்சிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், கழுத்தில் திரைப்பட விழா அடையாள அட்டை, மடியில் கடலை மிட்டாய்ப் பொட்டலம். அவர் உட்கார்ந்திருக்கும் சீட் சங்குவுடையது. கதவைத் திறந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து, ஓடுகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு வீசுகிறவன் மாதிரி துப்பட்டாவை வீசி நான் பிடித்த சீட். விழாவில் சீட் நம்பர் கிடையாது, ஓடுகிறவருக்கே இடம். என் துப்பட்டா மூன்று சீட்டுக்குத் தாராளமாக வரும். நான் அதை மடித்து இரண்டு சீட்டுக்குப் போட்டேன். அப்புறம் சங்கு வந்தாள், அவள் பின்னாலேயே பாப்கார்ன் வாங்கிக்கொண்டு ஷர்மதா வந்தாள், சங்கு துப்பட்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டுதானாடி?" என்றாள். ரெண்டுதான் கிடைத்தது என்றேன். "அந்தப் பக்கம் காலியாத்தான இருக்கு?" யாரோ வர்றாங்களாம் என்றேன், ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் குரலில், சிரிப்பாள் என்று நினைத்து. சிரிக்கவில்லை. "சரி, நீ இங்க இரு. ஷர்மிய தனியா விட முடியாது, நாங்க முன்னாடி உக்காந்துக்கறோம்" என்று போய்விட்டாள். ஷர்மி. ஷர்மதா என்ற மூன்றெழுத்து... நான்கெழுத்து, எத்தனையோ ஒன்று, அதைக் கூடச் சுருக்கியாகிவிட்டது. யாரோ வர்றாங்க என்று நான் சொன்ன அந்தக் காலி சீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை. பெரியவரின் பை மட்டும் அதில் சாய்ந்து உட்கார்ந்து வசதியாகப் படம் பார்க்கிறது.

தனியா விட முடியாது. என்னை விடலாம். நான் சமாளிப்பேன், நான் யூனிஸ், தனியாக இருந்தாலும் பத்துப் பேர் இருக்கிற சத்தம் வரும் என்று எங்கள் அம்மாவே சொல்லுவாள், அந்தக் குரலும் எனக்கு வரும், மூக்கால் ஆரம்பித்துப் பெருமூச்சில் முடியும். ஆறாம் வகுப்பில் பெரம்பூர் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு ஏதோ சீனக் கார்ட்டூன் போட்டார்கள், ஒரு வார்த்தை புரியவில்லை, பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள், நான் அவள் காதில் பாண்டாவுக்கு எங்கள் பி.டி. டீச்சர் ஹில்டா மிஸ் குரலை வைத்தேன், விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுகிற குரல், "ஏய் நாலாவது லைன், தொப்பைய உள்ள இழு." அந்த ஒல்லிப்பெண்ணுக்குத் தோள் குலுங்கியது. அவள்தான் சங்கு. சங்கமித்ராவுக்குச் சிரிக்கும்போது சத்தம் வராது, தோள் மட்டும்தான் குலுங்கும், இட்லிப் பானை மூடி மாதிரி. அன்றிலிருந்து எந்தப் படமாக இருந்தாலும் நான் அவளுக்கு இடப்பக்கம், அவள் இடது காது எனக்கு. கொரியாக்காரன், ஈரான்காரன், தெலுங்குக்காரன், எல்லாரும் அந்தக் காதுக்குள் போய்த்தான் தமிழ் கற்றுக்கொண்டார்கள். நல்ல படமோ மோசமான படமோ, அவள் பார்த்தது வேறு படம், நான் ஓட்டிய படம். விஸ்காம் சேர்ந்ததே அதற்காகத்தான், இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டு, சேர்ந்து சண்டை போட்டு, அவள் அப்பாவிடம் நான் கல்லூரி முதல்வர் குரலில் பேசிக் காட்டி, "உங்க டாட்டருக்கு விஷன் இருக்கு சார்" என்று. இப்போது கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஜார்ஜியாவின் இரண்டு பொம்பளைகள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள், என் வாயில் குரல் ஊறுகிறது, ஊறி ஊறித் தேங்குகிறது, விழுங்கிவிட வேண்டியிருக்கிறது. பெரியவர் காதில் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். காதில் முடி இருக்கிறது.

படம் என்னவோ நல்ல படம்தான், அதுதான் கடுப்பு. நீனோ என்று ஒருத்தி, மாக்வாலா என்று ஒருத்தி, இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும், ஒரே பிஸ்கட் ஃபாக்டரி. நீனோவுக்கு ஃபாக்டரியில் குலுக்கலில் கடற்கரைக்குப் போகிற இலவசப் பயணம் விழுந்துவிடுகிறது, ஒரு ஆளுக்கு மட்டும். மாக்வாலாவால் தாங்க முடியவில்லை. நீ போய்ட்டு வா, எனக்கென்ன, கடல் என்ன கடல், பெரிய குட்டை என்று சொல்லிவிட்டு, அந்தப் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறி ஒளிந்துகொள்கிறாள். நீனோவும் சேர்ந்துதான் அவளை ஒளித்து வைக்கிறாள், ஆனால் வழியெல்லாம் திட்டிக்கொண்டே. ஒரு ஆளுக்கு மட்டும் என்று கிடைத்த சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து போவதற்கு ஒரு படம் எடுத்திருக்கிறார்கள், மூன்று பேர் உட்காருகிற இடத்தில் இரண்டு பேரை உட்கார வைக்கப் பார்த்தவளைப் பற்றி எவனும் எடுக்க மாட்டான். "இந்த டைரக்டரம்மாவோட மொதல் படம் இதவிட நல்லாருக்கும்" என்றார் பெரியவர், யாரிடம் என்று தெரியவில்லை, என்னிடம்தான் போலிருக்கிறது. "ஓ" என்றேன். "பனி நெறைய வரும்" என்றார். முன்னால் இரண்டு தலைகளும் மறுபடி ஒட்டிக்கொண்டன, சங்குவின் தோள் குலுங்கியது. நிஜமாகக் குலுங்கியது. சத்தம் வராத அந்தக் குலுக்கல், உலகத்தில் எனக்கு மட்டும் கொடுத்த பரிசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது என்ன ரேஷன் அரிசியா, அட்டை வைத்திருக்கிற எல்லாருக்கும் போடுவதற்கு. ஷர்மதா அப்படி என்ன சொல்லியிருப்பாள்? அவளுக்குத் தெரிந்ததே நாலு வார்த்தை. பையன் மாதிரி முடி வெட்டிக்கொண்டு, கேன்டீனில் சமோசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே "மைஸான்ஸீன் நல்லாருக்கு" என்பாள், காட்சியை அமைக்கிற விதத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் அது, எல்லாரும் ஆமாம் என்பார்கள், சட்னியை ஆர்ட் டைரக்டர் வந்து வைத்த மாதிரி. ஊத்தங்கரைப் பக்கம் ஏதோ ஊர், ஹாஸ்டல், வந்து ஒரு செமஸ்டர்கூட முடியவில்லை. நான் ஏழு வருஷமாக உழுத நிலம் அந்தக் காது.

ஒரு ஃபோன் போட்டால் முடிந்தது. வெளியே போய், பாத்ரூம் பக்கம் நின்று, சங்குவின் அம்மா குரலில், "மித்ரா, கேஸ்காரன் வந்துட்டான், நீ எங்கடி இருக்க, ஒடனே கெளம்பு." அந்தக் குரல் எனக்கு வெண்ணெய் மாதிரி வரும், மித்ராவில் 'த்'தை அழுத்தி, கடைசியில் லேசாக இருமி. நம்பர் காட்டிக்கொடுத்துவிடும், அது தெரியும், வேறு யாரிடமாவது ஃபோன் வாங்க வேண்டும், பெரியவரிடம் வாங்கலாம், "அங்கிள், ஒரு எமர்ஜென்சி" என்று, கடலை மிட்டாய் பிசுக்கோடு கொடுப்பார். சங்கு எழுந்து ஓடுவாள், சந்து பெரிதாகும், ஷர்மதா தனியாக உட்கார்ந்திருப்பாள். ஆனால் சங்கு ஓடிவிட்டால் எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள், நானும் ஷர்மதாவும் ஸ்வெட்டரும். யோசனை அங்கே போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது, திரும்பி வந்து மறுபடி ஆரம்பத்திலிருந்து போனது, மித்ரா, கேஸ்காரன், இருமல். திரையில் பஸ் மலையேறிக்கொண்டிருந்தது. மாக்வாலா சீட்டுக்கு அடியில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள், பல்லே இல்லாத கிழட்டுக் கண்டக்டர் வந்து கம்பளியைக் காலால் தட்டி, இது என்ன என்று கேட்கிறார். மாவு மூட்டை என்கிறாள் நீனோ. மூட்டை தும்முகிறது. மாவு ஏன் தும்முது? பழைய மாவு என்கிறாள் நீனோ. தியேட்டர் அதிர்ந்தது, பெரியவர்கூட மிட்டாயை நிறுத்திவிட்டுச் சிரித்தார், நானும் சொந்தச் சிரிப்பையே சிரித்துவிட்டேன், முன்னால் பார்த்தேன், ஷர்மதா சிரிக்கவில்லை. எல்லாரும் சிரித்து முடித்து, பஸ் இன்னொரு வளைவு திரும்பி, சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, அந்த அமைதியில் தனியாக ஒரு சிரிப்பு வந்தது, கடைசியாகப் பந்தலுக்கு வந்தவள் மாதிரி. ஷர்மதாவுடையது. ட்யூப்லைட் என்று நினைத்து சந்தோஷப்பட்டேன். அடுத்த சிரிப்புக்கும் அப்படியே. அடுத்ததற்கும்.

நான் காலை முன்னால் நீட்டுகிற சாக்கில் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்தேன். அப்போதுதான் கேட்டது. பேசிக்கொண்டிருந்தது ஷர்மதா இல்லை, சங்கு. இத்தனை நேரமும் சங்குதான். ஷர்மதாவின் காதை நோக்கி வாயைத் திருப்பி வைத்துக்கொண்டு, குசுகுசுவென்று, மாக்வாலாவுக்கு ஹில்டா மிஸ் குரலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஹில்டா மிஸ்ஸை! விசில் கடித்த பல், மூச்சு, எல்லாம் என் சரக்கு, நான் ஹில்டா மிஸ்ஸின் பின்னாலேயே ஒரு மாசம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றிப் பிடித்த குரல். அதுவும் எவ்வளவு மோசமாக. விசில் எங்கே இருக்கிறது அதில்? சளி பிடித்த மாதிரி இருக்கிறது. ஊத்தங்கரைக்காரிக்கு ஹில்டா மிஸ் யார் என்று என்ன தெரியும், பார்க்காத மிஸ்ஸுக்கு அவள் எப்படிச் சிரிப்பாள்? தோள் குலுங்கியது ஷர்மதா சொல்லி இல்லை, தான் சொன்னதற்குத் தானே குலுங்கியிருக்கிறாள் சங்கு, கிறுக்கி. அவள் காதை இன்னொருத்தியிடம் கொடுத்தாள் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, இவள் என் வாயை எடுத்துக்கொண்டு போய்விட்டாளே. ஏழு வருஷமாக அந்தக் காதுக்குள் நான் போட்டதெல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, போட்டது போட்டபடி அங்கேயே இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது ஷர்மதா, "இப்ப அந்தம்மா என்ன சொல்லுச்சு? படிக்கறதுக்குள்ள போயிருது சங்கு" என்றாள். சின்னக் குரலில். கேன்டீன் குரல் இல்லை அது, மைஸான்ஸீன் குரல் இல்லை, அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை. சங்கு, "இரு இரு, அதாவது, அது மூட்டை இல்லல்ல, அது அவ ஃபிரெண்டுதான, அத அவரு கண்டுபிடிக்கப் பாத்தாரு பாரு, இப்ப அதுக்குத்தான்..." என்று இழுத்தாள்.

ஓகோ. அப்படியா சங்கதி. படிக்க வரவில்லை. இல்லை, வரும், எழுத்துக்கூட்டி வரும், வாக்கியம் முடிவதற்குள் எழுத்து ஓடிவிடும். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் என்று யாரோ சொன்னார்கள். அந்த நாலு வார்த்தையும் எங்கேயோ யூடியூபில் கேட்டு மனப்பாடம் பண்ணினவை, வாக்கியம் இல்லாத வார்த்தைகள், அதனால்தான் அவள் அதற்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் சொல்வதில்லை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. நாளைக்குக் கேன்டீன், மதியம், நாலு டேபிள் சேர்த்துப் போட்டிருப்பார்கள், நான் எழுந்து நின்று ஷர்மதா சினிமா பார்க்கிறதை நடிக்கிறேன், கண்ணைச் சுருக்கி, உதட்டை அசைத்து, "ஐ... லவ்... யூ... மை..." என்று கூட்டிக்கொண்டிருக்கும்போதே ஹீரோ செத்துப் போகிறான், ஹீரோயின் செத்துப் போகிறாள், இன்டர்வெல் வந்துவிடுகிறது, "டி... ய... ர்." அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு தனியாக அந்தச் சிரிப்பு. கேன்டீன் அண்ணனே வடைச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார். அத்தனை பொருத்தமாக, அத்தனை கச்சிதமாக மனசுக்குள் வந்து நின்றது, ஒத்திகையே தேவையில்லை, இருட்டில் உதட்டை அசைத்து ஒருமுறை பார்த்துக்கூடக் கொண்டேன். நாளைக்கு அப்புறம் ஷர்மதா கேன்டீன் பக்கம் வரமாட்டாள். சங்குவும் வரமாட்டாள். அது எப்படி எனக்கு உடனே தெரிந்தது என்று தெரியவில்லை, ஆனால் தெரிந்தது, சங்கு பாதியில் எழுந்து போவது தெரிந்தது, அவள் டம்ளரைக்கூட எடுத்து வைக்காமல் போவது. மூன்று மாசமாக சங்குவுக்கு இது தெரியும். ஷர்மியை தனியா விட முடியாது. எனக்கு அவள் சொல்லவில்லை. தலைவலியில் இருந்து அவள் அக்கா கல்யாணம் நின்றது வரை எல்லாம் எனக்குத்தான் முதலில் சொல்வாள், இதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டபோது, என் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது, "டி... ய... ர்" என்று. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ அதை இப்போது செய்துகொண்டுதான் இருந்தேன். சங்கு என்னிடமிருந்து அவளை மறைத்து வைத்திருக்கிறாள், சீட்டுக்கடியில், கம்பளி போர்த்தி. அப்படி ஒருத்தியை என்னிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிற அளவுக்கு அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது, அது ஒரு பக்கம் பெருமையாக இருந்தது, இன்னொரு பக்கம் குளிரெடுத்தது, ஏ.சி. என்று சொல்லிக்கொண்டேன், ஸ்வெட்டர் போட்ட மனுஷன் விவரமானவர்.

ஆனால் சங்கு ஜோக்கைக் கொன்றுகொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. திரையில் சாப்பாட்டுக்கு பஸ் நிற்கிறது, கிழட்டுக் கண்டக்டர் ஒவ்வொருவராகப் பார்க்கிறார், எல்லார் கையிலும் டிக்கெட் இருக்கிறது, கம்பளியை விட்டு வெளியே வந்துவிட்ட மாக்வாலா நீனோவின் டிக்கெட்டைப் பின்பக்கமாக வாங்கி மறுபடி நீட்டுகிறாள், எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் கூடுதல், மறுபடி எண்ணுகிறார், மறுபடி கூடுதல். சங்கு அவசர அவசரமாக, "ஒரு ஆள் ஜாஸ்தியா இருக்குல்ல, கடைசில அவரே எறங்கிடுவாரு பாரு" என்றாள். போச்சு. கீழே எழுத்து வருவதற்கு முன்னாலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள், தேங்காயை உடைக்காமல் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். ஷர்மதா "எதுக்கு?" என்றாள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன், பாவம் அந்தக் கிழவருக்காக என்று வைத்துக்கொள்ளலாம். எழுந்து பாதி குனிந்து, முன்சீட்டின் முதுகில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, அந்தச் சந்துக்குள் தலையை நுழைத்தேன். எங்கள் மேல்வீட்டுத் தங்கவேலு மாமா, தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசும்போது பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறவர், அவரை ஜார்ஜியா கண்டக்டருக்குள் இறக்கினேன், ஷர்மதாவின் வலது காதில், மெதுவாக, ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கிழவர் வாய் மூடும்போது நானும் மூடி. "எல்லாருக்கும் டிக்கட் இருக்கு. ஒங்கிட்ட இருக்கு. ஒங்கிட்டயும் இருக்கு. ஆனா ஒரு உசுரு ஜாஸ்தி." கிழவர் தொப்பியைக் கழற்றினார், நான் மூச்சு விட்டேன். "யாருக்கு டிக்கட் இல்ல?" அவர் தன் சட்டைப் பை ஒவ்வொன்றாகத் தடவினார், நானும் காத்திருந்தேன், தியேட்டரும் காத்திருந்தது. "அய்யோ. எனக்குத்தான் இல்ல." கிழவர் பையை எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, தன் பஸ்ஸிலிருந்து தானே இறங்கி மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தார். தியேட்டர் வெடித்தது, அதோடு சேர்ந்து, சரியாக அதே நேரத்தில், ஒரு இம்மிகூடப் பிந்தாமல், ஷர்மதாவும் வெடித்தாள். பெரிய சிரிப்பு அவளுக்கு. சத்தமான, வயல்வெளிச் சிரிப்பு. சீட் ஆடியது, என் முழங்கை வழியாக அது எனக்குள் ஏறியது. இவ்வளவு பெரிய சிரிப்பை வைத்துக்கொண்டா இவள் சமோசாவை முறைத்துக்கொண்டிருந்தாள்?

"கொஞ்சம் உக்காரும்மா, தல மறைக்குது" என்றார் பின்னாலிருந்து யாரோ, பெரியவர் "காலேஜ் பசங்க" என்று எனக்காக அவரிடம் சொன்னார். நான் இன்னும் குனிந்தேன். ஷர்மதா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், தலையை மட்டும் என் பக்கம் சாய்த்து, "யூனிஸு, இப்ப அந்தம்மா என்னா சொல்லிக் கூப்புடுது அவர?" என்றாள், ரொம்ப நாள் பழகினவள் மாதிரி. நீனோவும் மாக்வாலாவும் கிழவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள், நான் இரண்டு பேருக்கும் இரண்டு குரல் போட்டேன், ஹில்டா மிஸ்ஸை அசல் விசிலோடு போட்டேன், அவளைத் தெரியாதவளுக்கும் அதற்குச் சிரிப்பு வந்தது, அப்படித்தானே இருக்க வேண்டும். வலப்பக்கம் தோள் குலுங்கவில்லை. கடைக்கண்ணால் பார்த்தேன். சங்கு நேராக உட்கார்ந்திருந்தாள், கழுத்து விறைத்து, பாப்கார்ன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. திரை வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாக, மஞ்சளாக மாறி மாறி அடித்தது. கீழே ஓடுகிற எழுத்தை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஆங்கிலம் தண்ணீர் மாதிரி, என் டப்பிங் அவளுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும், கண்ணாடியில் பார்க்க முடியாதே தவிர, காலையிலிருந்து என் கழுத்து அப்படித்தான் இருந்தது. "நான் சொல்லிட்டுத்தான இருந்தேன்" என்றாள், முன்னால் பார்த்தே. திரையில் மாக்வாலா அழுதுகொண்டிருந்தாள், அவளை விட்டுவிட்டு நான் வர முடியாது. ஷர்மதா மறுபடி சிரித்தாள், சிரித்துக்கொண்டே என் தோளில் ஒரு அடி வைத்தாள், கை பலமான பெண். கொஞ்ச நேரம் கழித்து சங்கு பாப்கார்ன் டப்பாவைக் கீழே வைத்தாள். காதில் விழுந்திருந்த முடியை எடுத்து இடப்பக்கம் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலடி" என்றாள். என் வாய்க்கும் அந்தக் காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. நான் குரலை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன், அவள் இன்னும் கொஞ்சம் சாயட்டும்.